மீன்துறையில் முளைத்த பொன்னூர்

1898 கோடையில் டாசன் சிட்டியின் மக்கள்தொகை முப்பதாயிரத்தைத் தொட்டது என்கிறார்கள். 2021 கணக்கெடுப்பில் 1,577 பேர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாழ்ந்து கெட்ட ஊர் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடித்திருக்கிறார்கள். ஆனால் முப்பதாயிரம் பேர் வந்து இறங்குவதற்கு முன்பும் அந்த ஆற்றங்கரையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டால் லாபம் எது, நட்டம் எது என்பது இவ்வளவு எளிதாகப் பிடிபடாது.

கனடாவின் வடமேற்குக் கோடியில், அலாஸ்கா எல்லைக்கு அருகே, கிளாண்டைக் என்ற சிற்றாறு யூகான் என்ற பேராற்றில் கலக்கிறது. வட துருவ வட்டத்துக்குச் சற்றே தெற்கே உள்ள இடம். கோடையில் இரவு என்று ஒன்று வருவதே இல்லை. குளிர்காலத்தில் வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி காட்டுவது அங்கே செய்தியே அல்ல. ஆறுகள் கூடும் அந்த முனையில் ட்ரோசெக் என்ற மீன்பிடித் துறை இருந்தது. ட்ரோன்டெக் ஹ்வெச்சின் என்ற பழங்குடி மக்கள் கோடைதோறும் அங்கே கூடினார்கள். கல்லைச் சுத்தியலாகக் கொண்டு ஆற்றுப்படுகையில் மரக்கழிகளை அடித்து இறக்குவார்கள். கழிகளுக்கிடையே தடுப்புக் கட்டி, கடலிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் எதிர்நீச்சல் போட்டு வரும் சினூக் சால்மன் மீனை மடக்கிப் பிடிப்பார்கள். பிடித்ததைக் கீறி, பரணில் தொங்கவிட்டு, புகைபோட்டு உலர்த்துவார்கள். அந்தக் கருவாடுதான் எட்டு மாதக் குளிருக்கு அவர்களுக்கும் அவர்களுடைய நாய்களுக்கும் சோறு.

1896 ஆகஸ்டில் அந்த ஏற்பாடு குலைந்தது. கிளாண்டைக்கில் சேரும் ஓடைகளில் ஒன்றில் தங்கம் இருப்பது தெரிந்தது. முயல் ஓடை என்று அழைக்கப்பட்டது சில நாட்களில் பொனான்சா ஓடை ஆயிற்று. கண்டவர்கள் நான்கு பேர். ஜார்ஜ் கார்மாக் என்ற வெள்ளையர், அவருடைய மனைவி ஷாவ் ட்லா, அவளுடைய அண்ணன்தம்பி உறவான கேய்ஷ், அவர்களின் மருமகன் முறையான டாசன் சார்லி. முதலில் பார்த்தது யார் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பதிவு அலுவலகத்தில் கண்டுபிடித்தவர் என்று பெயர் கொடுத்தது கார்மாக். பழங்குடி ஒருவரின் பெயரில் போனால் பதிவு நிற்காது என்பது அன்றைய நடைமுறை ஞானம். ஷாவ் ட்லாவை அவர் நான்கு ஆண்டுகளில் கைவிட்டு வேறொரு மணம் செய்துகொண்டார். கனடாவின் சுரங்கத்துறைப் புகழ்மன்றம் 1999இல் கிளாண்டைக் கண்டுபிடிப்பாளர்களைச் சேர்த்தபோது ஆண்களின் பெயர்கள் மட்டும் ஏறின. ஷாவ் ட்லாவின் பெயர் ஏற இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

தங்கம் கிடைத்த சேதி பரவியதும் மற்றவர்கள் ஓடைக்கு ஓட, ஜோ லெடூ என்ற வியாபாரி ஆற்றங்கரைக்கு ஓடினார். அங்கே நிலத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு, மரம் அறுக்கும் ஆலையையும் கொண்டுவந்து நிறுத்தினார். தங்கம் தேடி வருகிறவனுக்குப் பலகை வேண்டும், மனை வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நிலவியல் அறிஞர் ஜார்ஜ் மெர்சர் டாசனின் பெயரை ஊருக்கு இட்டார். சேற்று நிலத்தில் போட்ட மனைகள் இரண்டே ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறின. அந்த நெரிசலில் மணல் அரித்துக் கைகால் விறைத்தவர்களைவிட லெடூ புத்திசாலி என்றே எனக்குப் படுகிறது.

1897 ஜூலையில் போர்ட்லண்ட் என்ற கப்பல் சியாட்டில் துறைமுகத்தில் தங்கத்துடன் வந்து நின்ற பிறகு, ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள் என்பது கணக்கு. டாசனை எட்டியவர்கள் முப்பதாயிரத்துக்கும் நாற்பதாயிரத்துக்கும் இடையில். ஓராண்டுக்குத் தேவையான உணவும் சாமானும் இல்லாதவர்களை எல்லையில் காவல்துறை உள்ளே விடவில்லை. அந்தச் சாமான் ஆளுக்கு ஒரு டன் எடை வரும். ஒரே நடையில் தூக்க முடியாது. சில்கூட் கணவாயின் பனிச்சரிவில் ஒரு மூட்டையைக் கொண்டுபோய் மேலே வைத்துவிட்டு, இறங்கி வந்து அடுத்ததை எடுத்து, மீண்டும் ஏறி, ஒரே மலையை முப்பது நாற்பது முறை ஏறினார்கள். வெண்பனியில் கறுப்பு எறும்புச் சாரையாக மனிதர்கள் ஏறும் அந்தப் புகைப்படத்தைப் பார்த்துத்தான் சாப்ளின் ‘த கோல்ட் ரஷ்’ படத்தின் தொடக்கக் காட்சியை எடுத்தார். பக்கத்துக் கணவாயான ஒயிட் பாஸில் ஏறியவர்கள் குதிரைகளை நம்பினார்கள். அந்த வழியில் செத்த குதிரைகள் மூவாயிரம். மலையைக் கடந்ததும் ஏரிக்கரையில் மரம் வெட்டிப் படகு செய்து, பனி உடையும்வரை காத்திருந்து, 1898 மே மாதக் கடைசியில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் ஒரே நேரத்தில் கிளம்பின. அங்கிருந்து ஆற்றோடு இன்னும் எண்ணூறு கிலோமீட்டர்.

இன்று வைட்ஹார்ஸ் நகரில் காலையில் காரை எடுத்தால் ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரைக் கடந்து மாலைக்குள் டாசனில் சாப்பிடலாம். விமானமும் உண்டு. இடையில் ஒரு காலம், இரண்டுக்கும் நடுவாக இருந்தது. 1904 டிசம்பரில் டாசனின் ஐஸ் ஹாக்கி அணி ஸ்டான்லி கோப்பைக்காக ஆட்டவா அணியை எதிர்க்கப் புறப்பட்டது. நடந்தும், சைக்கிளிலும், கப்பலிலும், ரயிலிலுமாக நாட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்து சேர்ந்தார்கள். முதல் ஆட்டத்தில் ஒன்பதுக்கு இரண்டு, அடுத்ததில் இருபத்து மூன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். ஊர் அவர்களை இன்னும் கொண்டாடுகிறது.

வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே கிடைத்தது ஏமாற்றம். நல்ல ஓடைகள் எல்லாம் 1896 குளிர்காலத்துக்கு முன்பே, அந்தப் பகுதியில் ஏற்கெனவே திரிந்துகொண்டிருந்தவர்களால் பங்குபோடப்பட்டிருந்தன. தங்கத்தைக் கையில் பார்த்தவர்கள் நாலாயிரம் பேர் இருக்கலாம். மற்றவர்கள் கூலி வேலை பார்த்தார்கள், கொண்டுவந்த சாமானை விற்றார்கள், அல்லது முன் தெருவில் மேலும் கீழும் நடந்தார்கள். அந்தத் தெருவில் நாணயம் என்றால் தங்கப்பொடி. ஒவ்வொரு கடை மேசையிலும் தராசு இருந்தது. அவுன்ஸ் 16 டாலர் என்று கணக்கு வைத்து, பையிலிருந்து கொட்டி நிறுத்தார்கள். சிந்தியது பலகை இடுக்கில் போயிற்று. மதுக்கடைகளின் தரையில் தூவிய மரத்தூளைக் கூட்டி அள்ளி, தண்ணீரில் அரித்துத் தங்கம் எடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலருக்கு ஓடையில் நின்றவர்களைவிட நல்ல வரும்படி.

திரைப்படங்கள் காட்டுவதுபோல் துப்பாக்கிச் சண்டை நடந்த ஊர் அல்ல அது. வடமேற்குக் குதிரைக் காவல்படையின் சாம் ஸ்டீல் ஊருக்குள் துப்பாக்கி வைத்துக்கொண்டு திரிய விடவில்லை. சூதாட்ட விடுதிகள் வாரம் முழுக்க நடந்தாலும் ஞாயிறு பிறந்தால் மூடியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விறகு வெட்டியவரைக்கூடப் பிடித்தார்கள். தண்டனை பெற்றவர்கள் அரசாங்க அடுப்புகளுக்கு விறகு பிளந்தார்கள். குளிர்காலத்தில் அந்த விறகுக்குத் தட்டுப்பாடு வந்ததே இல்லை.

இன்று சூதாட்டம் ஓர் இடத்தில் தொடர்கிறது. 1971இல் திறந்த டயமண்ட் டூத் கெர்ட்டீஸ் விடுதியின் லாபம் தனியார் பைக்குப் போகாமல் ஊரின் சுற்றுலாப் பணிகளுக்கும் பழைய கட்டடங்களுக்கும் செலவாகிறது. பெரும்பாலான தெருக்கள் இன்றும் மண் தெருக்கள். நடைபாதை மரப்பலகை. புதிதாக வீடோ கடையோ எழுப்புகிறவர் அதைப் பழைய முகத்தோடுதான் எழுப்ப வேண்டும் என்பது ஊர் விதி. அதனால் எது 1900இல் கட்டியது, எது போன ஆண்டு கட்டியது என்று முதல் பார்வையில் தெரியாது. கோணலைப் பார்த்தால் தெரியும். அந்த மண் ஆழத்தில் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடப்பது. மேலே வீடு கட்டி அடுப்பு மூட்டினால் அடியில் மண் இளகி, வீடு ஒரு பக்கமாக இறங்கும். அடுத்தடுத்த இரண்டு பழைய மரக்கட்டடங்கள் இப்படிச் சாய்ந்து ஒன்றன் தோளில் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஊரார் அவற்றை முத்தமிடும் கட்டடங்கள் என்கிறார்கள். ஊரில் அதிகம் படம் எடுக்கப்படும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

1899 கோடையில் அலாஸ்காவின் நோம் கடற்கரையில் தங்கம் இருப்பதாகச் சேதி வந்தது. வந்த கூட்டம் வந்த வேகத்தில் படகேறியது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், ஏப்ரலில், நூற்றுப்பதினேழு கட்டடங்கள் தீயில் போயிருந்தன. 1901 கணக்கெடுப்பில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர். 1921இல் ஆயிரத்துக்கும் குறைவு. இரண்டாம் உலகப் போரில் போட்ட அலாஸ்கா நெடுஞ்சாலை டாசனைத் தொடாமல் வைட்ஹார்ஸ் வழியாகப் போயிற்று. 1953இல் யூகான் பிரதேசத்தின் தலைநகர் என்ற பட்டமும் அதே வழியில் போயிற்று. ஆற்றில் ஓடிய பின்சக்கர நீராவிக் கப்பல்களில் கீனோ மட்டும் 1960இல் தன் கடைசிப் பயணமாக டாசனுக்கு வந்து கரையேறி, காட்சிப்பொருளாக நிற்கிறது. அதன் கூட்டாளிகள் சில எதிர்க்கரையில், சற்றுக் கீழே, மரங்களுக்கிடையில் குவிந்து கிடக்கின்றன. துடுப்புச் சக்கரத்தின் இரும்பு வளையங்கள் நிமிர்ந்து நிற்க, மரம் மட்டும் இற்று உதிர்ந்துவிட்டது. அன்று இந்தக் கப்பல்களுக்கும் சுரங்கங்களுக்கும் விறகுக்காகச் சுற்றுமலைகளை மொட்டையடித்தார்கள். இன்று அந்த மலைகளில் மரம் அடர்ந்து நிற்கிறது.

ஊர் சுருங்கியதால் தங்கமும் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தீரவில்லை. எடுக்கும் முறைதான் மாறிக்கொண்டே வந்தது. முதலில் வந்தவர்கள் குளிர்காலத்தில் வேலை செய்தார்கள். உறைந்த தரையில் இரவு விறகு மூட்டி, காலையில் இளகிய மண்ணை ஒரு முழம் தோண்டி, மீண்டும் விறகு மூட்டி, இப்படியே அடிப்பாறைவரை கிணறு இறக்குவார்கள். சேர்ந்த மண்குவியலில் தங்கம் எவ்வளவு என்று வசந்தத்தில் ஓடை இளகி, மரவாய்க்காலில் தண்ணீர் விட்டுக் கழுவும்வரை எவருக்கும் தெரியாது. பிறகு நிறுவனங்கள் வந்தன. தனியாட்களின் துண்டு நிலங்களை விலைக்கு வாங்கிச் சேர்த்து, மிதக்கும் தூர்வாரிகளை இறக்கின. 1912இல் கட்டிய நான்காம் எண் தூர்வாரி எட்டு மாடி உயரம். தனக்கு வேண்டிய குளத்தைத் தானே தோண்டிக்கொண்டு, அதில் மிதந்தபடி, முன்னால் வாளிச்சங்கிலியால் மண்ணை அள்ளி விழுங்கி, பின்னால் கூழாங்கல்லைக் கக்கிக்கொண்டு ஊர்ந்தது. வேலை நிற்பதற்குள் அது எடுத்த தங்கம் ஒன்பது டன். அது போன வழி கிளாண்டைக் பள்ளத்தாக்கில் இன்றும் இருக்கிறது. மேலிருந்து எடுத்த படங்களில், மழைக்குப் பிறகு மண்புழு தள்ளிய மண்போல, வளைந்து வளைந்து கல்வரிசைகள். மேல்மண் அடியிலும் கல் மேலேயுமாகப் புரட்டிப்போட்டதால் நெடுங்காலம் அங்கே புல்கூட முளைக்கவில்லை.

1966இல் பெரிய நிறுவனம் கடையைக் கட்டியது. அதன் பின்னும் குடும்பங்களாகவும் சிறு குழுக்களாகவும் அதே ஓடைகளில் அரிப்பு நடக்கிறது. விறகுக்குப் பதில் புல்டோசர், மண்வெட்டிக்குப் பதில் எக்ஸ்கவேட்டர். அன்று 16 டாலருக்குப் போன அவுன்ஸ் இன்று ஆயிரக்கணக்கான டாலர் என்பதால், பாட்டன் கழுவி எறிந்த மண்ணைப் பேரன் மறுபடி கழுவினாலும் கட்டுபடியாகிறது. 2022 ஜூனில் யுரேகா ஓடையில் உறைமண்ணை அகழ்ந்துகொண்டிருந்தவர்களின் இயந்திரத்துக்கு முன்னால் ஒரு குட்டி மாமூத் யானை வந்தது. தோலும் முடியும் தும்பிக்கையும் அப்படியே இருந்தன. வயது முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல். வேலையை நிறுத்தி, சேதி சொல்லி அனுப்பினார்கள். ட்ரோன்டெக் ஹ்வெச்சின் மூத்தோர் வந்து அதற்கு நுன் சோ கா என்று பெயரிட்டு ஆசி கூறினார்கள். 1898இல் அது கிடைத்திருந்தால் யாரும் நின்று பார்த்திருப்பார்களா என்று யோசித்தேன். நாய்களுக்குப் போட்டிருப்பார்கள்.

அந்த மூத்தோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதுதான் இந்த ஊரின் இன்னொரு பாதி. 1897இல், மீன்துறையைச் சுற்றிக் கூடாரங்கள் முளைத்தபோது, அவர்களின் தலைவர் சீஃப் ஐசக் தம் மக்களை ஆற்றோடு ஐந்து கிலோமீட்டர் கீழே மூஸ்ஹைட் என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார். ட்ரோசெக் துறையில் விலைமாதர் விடுதிகளும் மதுக்கடைகளும் வந்தன. அதற்குப் புதுவரவுகள் வைத்த பட்டப்பெயர் பேன் பட்டணம். நிலம் கைவிட்டுப் போவதைப் பார்த்த ஐசக், அடுத்துப் போகப்போவது பாட்டு என்று கணித்தார். வெள்ளையர் கூட்டத்தின் நடுவில் பிள்ளைகள் பாட்டையும் ஆட்டத்தையும் மறந்துவிடுவார்கள் என்று அஞ்சி, அவற்றை அலாஸ்காவிலிருந்த உறவினர்களிடம் ஒப்படைத்தார். தங்கத்தை வங்கியில் போடுவதற்கு வரிசை நின்ற ஊரில் ஒரு மனிதர் பாட்டை வைப்பு வைத்தார். அவர் பயந்தபடியே நடந்தது. உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குத் தாய்மொழி தடுக்கப்பட்டது. 1957இல் மூஸ்ஹைட் பள்ளி மூடப்பட, அங்கே இருந்தவர்கள் டாசனுக்கே வந்து குடியேறினார்கள். சொந்த ஊருக்கே வந்தேறிகளாக.

1990களில் அலாஸ்கா உறவினர்களிடம் போய்ப் பாட்டைத் திருப்பி வாங்கினார்கள். அங்கே அதை ஒரு நூற்றாண்டாக விடாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். 1993 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை மூஸ்ஹைட்டில் கூட்டம் நடக்கிறது. அந்த நாட்களில் அந்தப் பாட்டும் ஆட்டமும் பிறந்த கரையிலேயே அரங்கேறுகின்றன. 1998இல் நிலத்துக்கும் சுயாட்சிக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. ஆற்றுக்கு முகம் பார்த்து அவர்களுடைய பண்பாட்டு மையம் எழுந்தது. 2023இல் யுனெஸ்கோ ட்ரோன்டெக்-கிளாண்டைக் என்ற பெயரில் எட்டு இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் டாசனும் உண்டு, மூஸ்ஹைட்டும் உண்டு, மீன்துறையும் உண்டு. அந்தப் பெருமை தங்க வேட்டைக்கு அல்ல, அதற்கு ஈடுகொடுத்து நின்ற மக்களுக்கு என்று ஆவணம் தெளிவாகவே சொல்கிறது.

ஊர் வேண்டாமென்று புதைத்த ஒன்றும் திரும்பி வந்தது. ஊமைப்பட நாட்களில் வட அமெரிக்காவின் திரைப்பட வழித்தடம் டாசனோடு முடிந்தது. படங்கள் வெளியாகி இரண்டு மூன்று ஆண்டு கழித்து அங்கே வந்தன. திருப்பி அனுப்பும் செலவுக்குக்கூட அவை பெறாது என்று விநியோகஸ்தர்கள் விட்டுவிட்டார்கள். எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்கள் நூலகத்தின் அடித்தளத்தில் குவிந்தன. சிலவற்றை எரித்தார்கள். சிலவற்றை ஆற்றில் எறிந்தார்கள். 1929இல் நீச்சல் குளத்தை மூடி ஹாக்கித் தளம் சமைத்தபோது மிஞ்சியவற்றைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினார்கள். 1978இல் கட்டட வேலைக்காகத் தோண்டிய இயந்திரத்தின் வாயில் தகர டப்பாக்கள் வந்தன. உள்ளே ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சுருள்கள். வேறெங்கும் ஒரு பிரதிகூட இல்லாத படங்கள் பல. உறைமண்தான் அவற்றைக் காத்தது. ஓரங்களில் ஈரம் புகுந்து வெண்புள்ளிகள் நடனமாடும் அந்தக் காட்சிகளைக் கோத்து பில் மாரிசன் 2016இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

ஒப்படைத்த பாட்டு வந்தது, புதைத்த படம் வந்தது, தீர்ந்ததாக நினைத்த தங்கம் இன்னும் வருகிறது. என்றும் இருக்கும் என்று யாரும் பத்திரப்படுத்தாத இரண்டுதான் இப்போது கையை விட்டுப் போகின்றன.

ஒன்று பனி. யூகான் ஆற்றின் பனி வசந்தத்தில் உடையும் நாளை டாசன்காரர்கள் 1896 முதல் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆற்றின் நடுவில் ஒரு முக்காலியை நட்டு, கரையிலுள்ள கடிகாரத்தோடு கம்பியால் கட்டிவிடுவார்கள். பனி அசைந்து கம்பி இழுபட்டதும் கடிகாரம் நிற்கும். எந்த நாள், எந்த நிமிடம் என்று ஊரே பந்தயம் கட்டும். முன்பு மே மாதத்துக்கு உரியதாக இருந்த அந்த நாள் இப்போது சில ஆண்டுகளில் ஏப்ரலுக்கே வந்துவிடுகிறது. ஆற்றுக்கு அக்கரையிலும் ஆட்கள் வசிக்கிறார்கள். பாலம் கிடையாது. கோடையில் ஃபெர்ரி, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் வண்டிப்பாதை. 2016க்குப் பிறகு அடுத்தடுத்த சில குளிர்காலங்களில் ஊருக்கு நேராக ஆறு உறையவே இல்லை. தண்ணீரைப் பீய்ச்சி உறையவைத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

மற்றொன்று மீன். கடலிலிருந்து கனடா எல்லையைக் கடந்து வந்த சினூக் சால்மன் 2022இல் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம்தான். ஒரு காலத்தில் லட்சத்தைத் தாண்டிய வரத்து. கடல் சூடு, ஆற்று வெப்பம், நோய், அளவுமீறிப் பிடித்த பழைய பாவம் என்று காரணங்களை அடுக்குகிறார்கள். பழங்குடி மக்கள் தாமாகவே வலையைச் சுருட்டி வைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் ஏழாண்டுத் தடைக்கு ஒப்பின. சினூக் மீன் முட்டையிலிருந்து வந்து, கடல் கண்டு, மீண்டும் பிறந்த ஓடைக்குத் திரும்பும் ஒரு சுற்றுக்கு அதுதான் கணக்கு. அந்த ஆண்டு டாசனில் பிறந்த ட்ரோன்டெக் ஹ்வெச்சின் குழந்தை, பாட்டனார் மீனைக் கீறிப் பரணில் தொங்கவிடுவதைப் பார்ப்பதற்குள் இரண்டாம் வகுப்புக்குப் போயிருக்கும். அதுவும், இலக்காக வைத்த 71,000 மீன்கள் எல்லை தாண்டி வந்தால்தான்.